அரைப்பத்தித் தண்ணீர்

மொகுரா என்ற சொல்லுக்கு எங்கள் மலையூரான கமினோதாவில் நான்கு பொருள் உண்டு. அதில் மூன்று மிட்சுதாகே கென்சாகுவைக் குறிக்கும். மிச்சமிருக்கும் ஒன்றுதான் மண்ணுக்குள் வாழும் அந்தப் பிராணி.

பிராணியை முதலில் முடித்துவிடலாம். உள்ளங்கை நீளம், கறுப்பு வெல்வெட் போன்ற ரோமம், கண் இருந்தும் இல்லாத மாதிரி. முன்னங்கால்கள் மட்டும் மண்வெட்டிபோல் அகலம். தமிழில் அதை அகழெலி என்று எழுதுகிறார்கள். அகழ்வது உண்மை, எலி என்பது பொய். எலிக்குத் தூரத்து உறவுகூடக் கிடையாது. இங்கே படித்தவர்கள் 'மண்', 'டிராகன்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதி மொகுரா என்று வாசிக்கிறார்கள். அந்த எழுத்துகள் கடல் தாண்டி இங்கே வந்தபோது அவற்றுக்கு மண்புழு என்றுதான் பொருளாம். எந்த நூற்றாண்டிலோ ஒரு பண்டிதர் மாற்றி ஒட்டிவிட்டார். தின்கிறவனுக்குத் தீனியின் பெயர். பூனைக்கு அயிரை என்று பெயர் வைத்த கதைதான். இதுவரை யாரும் திருத்தவில்லை, மொகுராவும் புகார் செய்யவில்லை.

கென்சாகுவுக்கு அந்தப் பெயர் முதலில் வந்தது நிலக்கரிச் சுரங்கத்தில். சுரங்கத்தில் இறங்குகிறவன் எல்லோரும் மொகுராதான். பதினெட்டு வயதில் இறங்கி இன்னொரு பதினெட்டு வருஷம் கழித்து, ஷோவா நாற்பத்தேழில், அதாவது 1972இல், சுரங்கத்தை மூடியபோது ஒரு தகரப் பெட்டியும் இருமலுமாக மேலே வந்தார். எங்கள் மலைச்சரிவுக்கு அவர் வந்து சேர்ந்தது வீட்டோடு மாப்பிள்ளையாக. மிட்சுதாகே யசாகுவுக்கு ஆண் வாரிசு இல்லை, மசுயோ என்று ஒரே மகள். முப்பத்தாறு வயதில் தன் குடும்பப் பெயரைக் கழற்றிவைத்துவிட்டுப் பெண்ணின் குடும்பப் பெயரை மாட்டிக்கொண்டார். அதோடு ஆறு படிக்கட்டு வயலும் ஒரு மாமனாரும் கிடைத்தார்கள்.

இரண்டாவது பெயரை எங்கள் ஊர் கொடுத்தது. மொகுராவுக்கு மொகுரி என்று ஒரு சித்தப்பா மகன் சொல் உண்டு. உரிமம் இல்லாமல் ஊசி போடும் வைத்தியன், டிக்கெட் இல்லாமல் சினிமா பார்ப்பவன், அந்த வகை. நாற்று நடத் தெரியாமல் விவசாயம் பார்க்க வந்த கென்சாகுவும் அந்த வகையில் சேர்ந்தார். ஊர்க்காரர்கள் இரண்டு சொல்லையும் வித்தியாசம் பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். முதல் வசந்தத்தில் அவர் வரப்புக்குச் சேறு பூசுவதற்குப் பதிலாக, சுரங்கத்துக் கூரைக்கு முட்டுக் கொடுப்பதுபோல் மரக்கட்டை அடித்து நிறுத்தினார். அவருக்கு மேலே வயல் வைத்திருந்த தாஷிரோ தனேகிச்சி அதைச் சொல்லி மூன்று வருஷம் சிரித்தார். ஊரிலேயே வழவழப்பாக வரப்பு பூசுகிறவர் அவர்தான் என்பதால் சிரிக்கும் உரிமை அவருக்கு இருந்தது.

மூன்றாவது பெயர், கடைத்தெரு விளையாட்டுக் கூடத்தில் இருக்கும் ஒரு பெட்டி. ஓட்டைகளிலிருந்து பொம்மை மொகுராக்கள் தலை நீட்டும். நீட்டிய தலையைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் கென்சாகு வாய் திறந்தால் நடப்பதும் அதுதான்.

ஜனவரி பதினான்காம் தேதி, நுனியில் வைக்கோல் சுற்றிய மூங்கிலால் வீடு வீடாகவும் வரப்பு வரப்பாகவும் போய் மண்ணை அடித்து மொகுராவை விரட்டுவது எங்கள் வழக்கம். புதுக் கல்யாணம் ஆன வீட்டில் அடி கொஞ்சம் கூடுதலாக விழும். கென்சாகு வந்த முதல் ஜனவரியில் தனேகிச்சி நேராக வந்து அவருடைய இரண்டு காலையும் சுற்றித் தரையில் அடித்தார்.

"அசையாதே மாப்ளே. நீ போயிடக் கூடாதுன்னா அடிக்கிறோம், இல்ல போய்த் தொலையணும்னா? எனக்கே மறந்துபோச்சு."

கென்சாகு அசையவில்லை. இருபத்திரண்டு வருஷம் அசையவில்லை. மாமனார் யசாகு காலமானார். மகள் பிறந்து, வளர்ந்து, ஃபுகுவோகாவில் வேலைக்குப் போனாள். ஊருக்கு மட்டும் அவர் 'மாப்ளே'யாகவே இருந்தார். மதகுப் பக்கத்துப் பலகையில் தண்ணீர் முறைக்காக வீட்டுக்கு ஒரு மரச்சீட்டு தொங்கும். மிட்சுதாகே வீட்டுச் சீட்டில் இறந்து பதினான்கு வருஷமான யசாகுவின் பெயர்தான் இருந்தது. மாற்றச் சொல்லி கென்சாகு கேட்கவில்லை. கேட்காததை எழுதுவதற்கு யாருக்கும் மை கிடைக்கவில்லை.

ஹெய்செய் ஆறாம் வருஷக் கோடை வந்தது, அதாவது 1994. ஜூன் மழை பாதியிலேயே எழுந்து போய்விட்டது. ஜூலை முடிவதற்குள் குளத்தின் அடிப்படிக்கட்டு தெரிந்தது. வாய்க்காலுக்கும் மதகுக்கும் பொறுப்பான எங்கள் நீர்க்கட்டி கொயானகி, சாம்பல் நிரப்பிய ஒரு தகர டப்பாவை வெளியே எடுத்தார். அவர் வாழ்நாளில் அந்த டப்பா வெளியே வருவது மூன்றாவது தடவை. தண்ணீர் இருக்கும் வருஷங்களில் யாரும் அளப்பதில்லை. இல்லாத வருஷத்தில் ஊதுபத்தியால் அளப்போம். கோயிலிலிருந்து வரும் பத்தியைச் சாம்பலில் குத்தி ஏற்றுவார். அது எரிந்து முடியும்வரை தண்ணீர் உங்களுடையது. முடிந்ததும் மடை மாறும். மூன்று நாளைக்கு ஒரு முறை தனேகிச்சிக்கு நான்கு பத்தி, மிட்சுதாகே வீட்டுக்கு இரண்டு.

ஆகஸ்டில் நெல் பூத்த நேரம். எல்லா வயலும் வெடித்தது. கென்சாகுவின் மேல் வயல் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது. அதற்கு நேர் மேலே, ஆள் உயரக் கல்சுவருக்கு அந்தப் பக்கம், தனேகிச்சியின் கடைசி வயல். தண்ணீர் விட்ட மறுநாளே அது காய்ந்தது.

மதகடியில் பத்துப் பேர் நிற்கும்போது தனேகிச்சி ஆரம்பித்தார்.

"மாப்ளே, உன் மேல்வயல்ல தவளை கத்துது."

"கத்தினா நான் என்ன பண்றது, தனே-சான்?"

"என் வயல்ல கத்தலையே. என் தவளையெல்லாம் உன் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்துச்சா? இல்ல என் தண்ணி வந்துச்சு, பின்னாடியே அதுங்களும் வந்துச்சா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் சொல்ல வருவது என்னவென்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"நான் மடையத் தொட்டதில்ல," என்றார் கென்சாகு.

"மடையத் தொடல. பதினெட்டு வருஷம் பூமியைக் குடைஞ்ச ஆளு. உனக்கு மடை எதுக்கு?"

எங்கள் ஊரில் ஒருவன் குடிக்கலாம், கோயிலில் தூங்கலாம். தண்ணீரைத் திருடினால் மட்டும் பலகையிலிருந்து சீட்டு இறங்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குத் தண்ணீர் முறை இல்லை, நடவுக்கு ஆள் இல்லை. தீப்பிடித்தால் வருவோம், சாவு விழுந்தால் வருவோம், மற்றபடி கிடையாது. கொயானகி டப்பாச் சாம்பலைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டே சொன்னார்:

"ஞாயித்துக்கெழமை காலைல வயல்லயே கூடுவோம். கென்சாகு, அதுக்குள்ள சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா யோசிச்சு வை."

மறுநாள் மத்தியானம் கென்சாகு கல்சுவரில் காதை வைத்து அரை மணி நேரம் நின்றார். சுரங்கத்தில் தண்ணீரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் பார்ப்பார்கள். கண்ணால் பார்த்தவர்களில் பலர் திரும்பி வரவில்லை. சுவரின் மூலையில் ஒரு சேப்பங்கிழங்குப் புதர். அதற்குப் பின்னால், இரண்டு கல்லுக்கு நடுவே, மூன்று விரல் நுழையும் துளை. உள்ளே விரலால் தடவினார். குடைந்தவனின் உடம்பு போய் வந்து போய் வந்து மெழுகியதுபோல் வழவழப்பு. எத்தனை தலைமுறை மொகுரா அதில் குடியிருந்ததோ. அதன் ரோமம் முன்னாலும் சாயும், பின்னாலும் சாயும். திரும்ப இடமில்லாத வழியில் பின்னோக்கியே நடந்து வந்துவிடும். கென்சாகுவுக்கு அந்த வசதி இல்லை என்பது சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தது.

தேநீர் ஊற்றிய சோறும் முள்ளங்கி ஊறுகாயும் வைத்துவிட்டு மசுயோ எல்லாவற்றையும் கேட்டார்.

"சத்தம் போடாம அடைச்சிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"அடைச்சா வயல் காயும். காஞ்சா தனே-சான் என்ன சொல்லுவாரு? 'பாத்தீங்களா, மாட்டினதும் நிறுத்திட்டான்'னு சொல்லுவாரு."

"அப்ப அடைக்காதீங்க."

"ஞாயித்துக்கெழமை சீட்டு இறங்கும்."

"அப்பா பேரு இருக்கற சீட்டு."

"ஆமா, உங்க அப்பா பேரு."

"அப்ப எல்லாருக்கும் காட்டுங்க."

"காட்டினா, அடைன்னுவாங்க. வயல் காயும்."

மசுயோ ஊறுகாயைக் கடித்தபடி கணக்குப் போட்டார். "ஒண்ணுல வயலும் பேரும் போகுது. ஒண்ணுல பேரு போகுது, பின்னாடியே தண்ணியும் போகுது. ஒண்ணுல வயல் மட்டும் போகுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணு இருக்கு. ஓட்டையக் காட்டினா, நானே குடைஞ்சேன்னு சொல்லுவாங்க. எனக்கு அந்தப் பேரு வேற இருக்கு."

சுரங்கத்தில் எந்தக் கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மேலே சாயத்தைக் கரைத்துவிடுவார்கள். வீட்டில் சாயம் இல்லை. ஆனால் அலமாரியில், மகள் கோடைப் பரிசாக அனுப்பிய குளியல் பொடி மூன்று டப்பா இருந்தது. தொட்டியில் ஒரு கரண்டி போட்டால் தண்ணீர் பளீரென்று பச்சையாகி வெந்நீர் ஊற்றுபோல் மணக்கும். குளிக்கத் தண்ணீர் இல்லாத கோடையில் வந்த பொடி, மூடிகூடத் திறக்கவில்லை.

"எனக்காக அனுப்பினது," என்றார் மசுயோ. பிறகு மூன்று டப்பாவையும் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

ஞாயிறு காலை பதினொரு வீட்டுக்காரர்களும் கல்சுவருக்கு மேலும் கீழும் நின்றார்கள். குளியல் பொடியைப் பார்த்ததும் தனேகிச்சி துள்ளினார்.

"என் நெல்லுக்கு வாசனைக் குளியலா? அறுத்து விக்கும்போது பூப்போட்ட துண்டையும் சேர்த்துக் குடுக்கவா?"

"மூலையில ஒரு முழத்துக்கு மட்டும் சேத்தால அணை கட்டறேன், தனே-சான். மத்த வயலுக்குப் போகாது."

"இந்த வரப்பு ஒழுகாது, கேட்டுக்கோ. வசந்தத்துல பூசி, மேல பிளாஸ்டிக் தாளும் போத்தியிருக்கேன். எறும்பு போகாது."

கொயானகி தன் பொறுப்பில் மூலைக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டார். கென்சாகு மூன்று டப்பாவையும் கவிழ்த்தார். தண்ணீர் ஊர்க்காரர்கள் யாரும் வயலில் பார்த்திராத பச்சையானது. கொயானகி ஒரு பத்தியை ஏற்றினார். எல்லோரும் கீழே இறங்கி சேப்பங்கிழங்குப் புதருக்கு எதிரே, வெயிலில், வரிசையாக உட்கார்ந்தார்கள்.

கால் பத்தி எரிந்தது. கல்லிடுக்கில் வழக்கம்போல் தெளிந்த தண்ணீர் கசிந்தது.

"நல்லாக் குளிக்குது போல, வெளிய வர மனசில்ல," என்றார் ஒருவர்.

பத்தி பாதியைத் தொட்டது. தனேகிச்சி எழுந்து மண்ணைத் தட்டிவிட்டார். கென்சாகு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார், இருமலை அடக்கிக்கொண்டு. மசுயோ மட்டும் பத்தியைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் சொன்னார்.

"வாசனை வருது."

பிறகு நிறம் வந்தது. சேம்பின் தண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பச்சை இழை இறங்கி, கென்சாகுவின் வயலில் விரிந்தது.

"தனே-சான், உங்க வரப்பு குளிச்சிட்டு வருது," என்றார் அந்த ஒருவரே.

மேலே ஏறிப் போய்ப் பிளாஸ்டிக் தாளைத் தூக்கினார்கள். அடியில் குளிர்ச்சி, ஈரம், தனேகிச்சி தாராளமாகப் போட்டிருந்த தொழு உரம், ஊரில் எங்கேயும் இல்லாத கொழுத்த மண்புழுக்கள். நடுவே, தாளை ஒட்டியே, மெழுகிய குகை ஒன்று கல்சுவர்ப் பக்கம் சரிந்து போனது. ஊரிலேயே சிறந்த வரப்பு அதுதான். புழுக்களும் அப்படித்தான் நினைத்தன, புழுக்களைத் தேடி வந்ததும் அப்படித்தான் நினைத்தது. கென்சாகுவின் கை போக முடியாத சந்து அது.

கொயானகி ஒரு வாளியைத் துளைக்கடியில் வைத்து அளந்தார். "மூணு நாளைக்கு அரைப்பத்தித் தண்ணி போயிருக்கு. திருட்டு இல்ல. சீட்டு இருக்கட்டும். ஆனா ஓட்டைய அடைக்கணும்."

"நானே அடைக்கறேன்," என்றார் கென்சாகு.

தனேகிச்சி தாளை மூடிவிட்டு, தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வீட்டுக்குப் போனார்.

களிமண்ணும் மூங்கில் முளையும் வைத்து, சுரங்கத்தில் நீர்க்கசிவை அடைக்கும் முறையில் கென்சாகு அடைத்தார். நான்காம் நாள் அவருடைய மேல்வயலில் முதல் வெடிப்பு விழுந்தது. ஐந்தாம் நாள் காலை அதே வயலில் ஈரம். மொகுராவுக்கு அரை நாள் சாப்பாடு இல்லாவிட்டால் உயிர் போய்விடும் என்கிறார்கள். மண்புழுக்கள் இருந்தது மேலேயும், பாதை இருந்தது நடுவேயும்தான். பழைய அடைப்பைச் சுற்றிக்கொண்டு புது வழி போட்டிருந்தது. கென்சாகு களிமண் கூடையைத் தூக்கிக்கொண்டு தனேகிச்சி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தனே-சான், மறுபடியும் திறந்துடுச்சு. அடைக்கறேன், உங்க வரப்புல கால் வைக்கணும்."

"ம்."

மூன்று நாள் கழித்து இரண்டாம் தடவை. அதற்கு இரண்டு நாள் கழித்து மூன்றாம் தடவை. நெல்லில் பால் பிடிக்கும் பருவம். அவருடைய பயிர் நுனி சுருண்டிருந்தது. தனக்குத் தண்ணீர் வரும் வழியை, தானே கண்டுபிடித்து, தானே போய்ச் சொல்லிவிட்டு, தானே அடைத்துவிட்டு இருமிக்கொண்டே இறங்கினார். ஊரார் பலருக்கு இது நேர்மையா கிறுக்கா என்று முடிவு செய்ய முடியவில்லை. இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நடைதான்.

மூன்றாம் தடவை தனேகிச்சி பார்லித் தேநீர்க் கெட்டிலோடு வரப்புக்கே வந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, தாளத் தூக்கி நான் பாக்கறதே இல்ல. நீ சொல்லாம இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"காலைல தவளை கத்துச்சு, தனே-சான். எண்ணிப் பார்த்தேன், ரெண்டு. உங்களுதுதான்."

தனேகிச்சி கெட்டில் மூடியில் தேநீரை ஊற்றி நீட்டினார். கென்சாகு வாங்கிக் குடித்தார்.

அன்று மாலை வெயில் தாழ்வதற்குள் தனேகிச்சி மதகுக்கு வந்தார். பத்தி மாற்றிக்கொண்டிருந்த கொயானகியிடம், யாரோ ஒருவருடைய மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்:

"என் நாலு பத்தில அரைய உடைச்சு மாப்பிள்ளையோட மேல்வயலுக்கு விடு. ஓட்டையும் வேணாம் அடைப்பும் வேணாம். தினம் அவன் இருமறதக் கேக்க முடியல."

"நிஜமாவா?"

"இல்ல, பொழுது போகலன்னு வந்தேன். எழுதுய்யா."

கொயானகி ஒரு புதுச் சீட்டை எடுத்துத் தூரிகையை நனைத்தார். "யசாகு பேர்லயே ஏத்திடவா?"

"செத்த ஆளுக்கு எதுக்குக் கூடுதல் தண்ணி? உயிரோட இருக்கறவன் பேர எழுது."

அப்படித்தான் பலகையில் யசாகுவின் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டு ஏறியது. 'மிட்சுதாகே கென்சாகு, அரை.' மசுயோ மறுநாள் பார்க்கப் போனார். இரண்டு தடவை படித்துவிட்டு, கொயானகியின் கையெழுத்து கேவலம் என்றார். மாலையில் கணவரையும் அதே பலகைக்குக் கூட்டிக்கொண்டு போய், கையெழுத்து எவ்வளவு கேவலம் என்று இன்னொரு முறை காட்டினார்.

மன்னிப்பு என்ற சொல்லை தனேகிச்சி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லோரும் மறந்திருப்போம். அரைப்பத்தியை யாராலும் மறக்க முடியவில்லை. அது மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் கடைசியில் புயலோடு மழை வந்தது. கென்சாகுவின் மேல்வயல் நெல்லில் மற்ற வருஷத்தைவிடக் கதிர் சின்னதுதான், ஆனாலும் பதர் இல்லை. மூங்கில் கொடியில் தலைகீழாகக் காயப் போட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு போன தனேகிச்சி, கட்டு கட்டியது கோணல் என்று குறை சொன்னார். கென்சாகு திருத்தவில்லை.

மழை வந்ததும் பத்தி டப்பா உள்ளே போய்விட்டது. சீட்டு மட்டும் இறங்கவில்லை. தண்ணீர் அளக்காத வருஷங்களில் அரை என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு வசந்தத்திலும் கொயானகி அதைத் துடைத்து, இரண்டு முறை மை ஏற்றியும் விட்டார். கையெழுத்து மேம்படவில்லை.

அந்தக் கோடைக்கு அடுத்த ஜனவரி பதினான்காம் தேதி நாங்கள் வழக்கம்போல் வைக்கோல் சுற்றிய மூங்கிலோடு வரப்பு வரப்பாக அடித்துக்கொண்டு போனோம். கல்சுவருக்கு மேலே, பிளாஸ்டிக் தாள் எடுக்கப்பட்ட அந்த வரப்பை நெருங்கியபோது தனேகிச்சி கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். கீழே தன் வயலில் நின்ற கென்சாகுவை ஒரு பார்வை பார்த்தார்.

"இங்க மட்டும் மெதுவா அடிங்கப்பா," என்றார். "ஒரு ஆளு தூங்கறான்."

மெதுவாக அடித்தோம். தட்டிக்கொடுத்தது போல்தான் இருந்தது.